பின்னறை சுவிட்ச்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மார்போடு அணைத்த அட்டைப்பெட்டிகள் முகத்தை மறைக்க, மாஸ்டர் தட்டுத்தடுமாறி இரண்டாவது மாடிக்கு ஏறிவந்தார். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். படிக்கட்டில் பகலிலும் பாதி இருட்டு.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, பக்கத்து இருக்கையில் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே இருபது வருடம் உயிர் பிழைத்தவர். மனைவியைத் தவிர ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

மனைவி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. அன்று அவளுக்கு அரைநாள் ட்யூட்டி.

"என்ன அது?"

"கம்ப்யூட்டர் சாமான். ரோட்ல இறங்கவே பயப்படுறவங்களுக்கு முதல்ல இதுல ஓட்டப் பழக்கலாம்னு."

"எந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டப் போறீங்க?"

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மாஸ்டர் பெட்டிகளைக் கீழே வைப்பதில் கவனமாக இருந்தார்.

"அது என் தம்பியோடது," என்றாள்.

"அவனோடதுதான். யாரு இல்லைன்னா? எட்டு மாசமா சும்மா கெடக்குதேன்னு பாத்தேன்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்த எட்டு மாதமாக அவள் அவரிடம் பேசியதைவிட இப்படிப் பார்த்ததுதான் அதிகம். கதவு சாத்திய சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்டிருக்கும்.

மைத்துனனும் மாஸ்டரும் ஆரம்பத்திலிருந்தே எலியும் பூனையும். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தவன், நான்கு வருடம் பின்னறையிலேயே உட்கார்ந்துவிட்டான். எந்நேரமும் காதில் ஹெட்செட், கண்ணில் விளையாட்டு. சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சுத் திணறினால் முகத்தில் வைத்து மருந்துப்புகை இழுக்க, மேசைக்குக் கீழே ஒரு சின்ன நெபுலைசர் மெஷின் வைத்திருந்தான். "உக்காந்து உக்காந்து மூச்சு விடவும் சோம்பேறித்தனம் வந்திருச்சு அவனுக்கு," என்று மாஸ்டர் ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதன்பிறகு ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்த்து அவன் பேசவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், அந்த அறைக் கதவில் சாய்ந்தபடி அவன் செத்துக் கிடந்தான். மாஸ்டர் அப்போது கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை என்று டாக்டரிடம் சொன்னார். மனைவியிடமும் அதையேதான் சொன்னார்.

பின்னறையைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த காற்று முகத்தில் மோதியது. தூசியும் மருந்தும் கலந்த ஒரு நெடி. ஜன்னலைத் திறந்துவிட்டார். நல்ல வெயில். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லாத பகல்.

கேபினெட்டை மேசைமேல் படுக்கவைத்து, பக்கவாட்டு மூடியின் திருகாணிகளைக் கழற்றினார். மேசை, நாற்காலி, கீபோர்டு எல்லாவற்றின் மேலும் விரல்கனத்துக்குத் தூசி. மூடியை எடுத்தார்.

உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை.

மூடி இறுக்கமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பழைய பவர் சப்ளையைக் கழற்றிப் புதியதை வைத்து நான்கு திருகாணிகளையும் முறுக்கினார். பட்டையாக இருந்த பெரிய கேபிளை மதர்போர்டில் அழுத்தியபோது, பலகை வளைந்து முனகியது. பிறகு ப்ராசஸர் மேலிருந்த ஃபேனையும் அதன் அடியிலிருந்த உலோகக் கட்டியையும் அசைத்து அசைத்துக் கழற்றினார். சூட்டைக் கடத்த உள்ளே பூசியிருக்கும் பசை காலப்போக்கில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

பசை ஈரமாக இருந்தது. இப்போதுதான் பூசியதுபோல விரலில் ஒட்டியது.

அந்த உலோகம் சூடாகவும் இருந்தது.

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். வெயில் மேசைக்கு வரவில்லை. சுவரைப் பார்த்தார். கம்ப்யூட்டரின் பிளக் கழற்றப்பட்டு, வயர் சுருட்டித் தரையில் கிடந்தது. அதை எட்டு மாதத்துக்கு முன் சுருட்டிவைத்தது அவரேதான்.

"வீடே சூடாத்தான் இருக்கு," என்று வாய்விட்டுச் சொன்னார். தனியாக இருக்கும்போது அவர் பேசுகிற வழக்கம் இல்லை.

பழைய பசையைத் துடைத்தார். புதியதைக் கடுகளவு பிதுக்கி வைத்தார். உலோகக் கட்டியைத் திருப்பி வைத்து அழுத்துகையில் அதன் மெல்லிய தகடுகளில் ஒன்று கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தம் சொட்டியது. விரலைச் சப்பிக்கொண்டே ராம் இரண்டையும் 'க்ளக்' என்று பதித்தார். கடைசியாக கிராபிக்ஸ் கார்டு. செங்கல் கனம். அதை அதற்குரிய பள்ளத்தில் இறக்கப் போனபோது, அதன் மேலிருந்த மூன்று குட்டி ஃபேன்களின் இறக்கைகளும் மெல்லச் சுழல ஆரம்பித்தன.

சுவரில் பிளக்கை இன்னும் மாட்டவில்லை.

காற்றாக இருக்கும். உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினார். கையை எடுத்தார். மறுபடியும் சுழன்றன, இம்முறை எதிர்ப்பக்கமாக.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மூடிவைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். மாஸ்டருக்குப் பயத்தைவிட முதலில் வந்தது கோபம்தான். உயிரோடு இருந்தபோது இந்த மேசையின் பக்கத்தில்கூட அவரை அவன் விட்டதில்லை. "மாமா, தொடாதீங்க." மேசைமேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலைத் தொட்டாலும் அதே பேச்சு. கார்டைப் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்தினார். பூட்டு விழுந்தது.

"இப்ப என்னடா பண்ணுவ?" என்றார்.

பிளக்கைச் செருகினார். பெட்டியில் வந்த ஸ்டீயரிங்கை மேசை விளிம்பில் இறுக்கினார். பெடல்களைக் காலடியில் தள்ளினார். பட்டனை அழுத்தியதும், எல்லா இறக்கைகளும் ஒருசேர மூச்சிழுத்தன. திரை வெளிச்சமானது. வண்டி ஓட்டும் விளையாட்டைப் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவன் பழைய ஹெட்செட்டைத் துடைத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

அருமையாக இருந்தது. நேரான சாலை, இருபுறமும் மரங்கள், எஞ்சின் ஒலி காதுக்குள். நிஜ வண்டிபோலவே ஸ்டீயரிங் கையில் அதிர்ந்தது. மாஸ்டர் வந்த காரியம் மறந்து சிறுபிள்ளைபோல் இரண்டு திருப்பம் ஓட்டினார். மூன்றாவது திருப்பத்தில், பழக்கதோஷத்தில், திரையில் இருந்த பின்னோக்குக் கண்ணாடியை ஏறிட்டுப் பார்த்தார்.

பின்னிருக்கையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

முகம் தெரியவில்லை. முன்னால் குனிந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்த உருவம். ஆஸ்துமாக்காரர்கள் மூச்சு கிடைக்காதபோது அப்படித்தான் உட்காருவார்கள். நான்கு வருடம் பார்த்துப் பழகிய முதுகு அது.

பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை.

எஞ்சின் ஒலி தேய்ந்தது. அதன் இடத்தில் வேறொரு சத்தம். சீழ்க்கை அடிப்பதுபோல ஒரு மூச்சு. உள்ளே போகிறது, வெளியே வர முடியவில்லை. மறுபடி உள்ளே.

ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கப் பார்த்தார். அது கையை முறுக்கியது. கட்டைவிரல் அதன் சட்டத்துக்குள் சிக்கி, கிழிந்த இடத்திலிருந்து ரத்தம் புதிதாக வழிந்தது.

"மாமா..."

காதுக்குள், காதோடு காதாக.

"மாமா, சுவிட்ச போடுங்க."

அந்த வார்த்தைகளை அவர் முன்பே கேட்டிருந்தார். உலகத்தில் அவரைத் தவிர வேறு யாரும் கேட்டிராத வார்த்தைகள்.

அன்று மத்தியானம் தலைவலியோடு வீட்டுக்கு வந்திருந்தார். பின்னறையில் விளையாட்டுக் கூச்சல். இரண்டு முறை அதட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை வாயைச் செலவழிக்கவில்லை. கூடத்துச் சுவரில் இருக்கும் மின்பெட்டியைத் திறந்து, பின்னறைக்கு உரிய சுவிட்சைக் கீழே தள்ளினார். கம்ப்யூட்டர் அடங்கியது. கொஞ்ச நேரத்தில், எழுந்து வெளியே வரவும் மூச்சில்லாமல், உள்ளிருந்து கதவைத் தட்டிக் கேட்டான். நெபுலைசர் ஓடவும் கரன்ட் வேண்டும் என்பது மாஸ்டருக்கு நினைவுக்கு வந்ததா, வரவில்லையா? தனக்குத்தானே அவர் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்ட பதில், வரவில்லை என்பது.

தட்டும் ஓசை வலுத்து, பிறகு மெலிந்தது. அவர் தலையணையைக் காதில் வைத்துத் தூங்கிப்போனார். எழுந்ததும் முதலில் சுவிட்சை மேலே தூக்கினார். அதற்குப் பிறகுதான் கதவைத் தள்ளித் திறந்தார்.

இப்போது பலம்கொண்ட மட்டும் கையை உருவினார். ஹெட்செட்டைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கூடத்துக்கு ஓடி, மின்பெட்டியைத் திறந்து, அதே சுவிட்சை, அன்று போலவே, கீழே தள்ளினார்.

பின்னறையில் விளக்கு அணைந்தது. சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி தளர்ந்து நின்றது.

கம்ப்யூட்டர் நிற்கவில்லை.

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

நிற்கவில்லை.

பிடுங்கிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில்தான் வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

மனைவி பின்னறை வாசலில் வந்து நின்றாள். அவர் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள். எரிகிற திரையைப் பார்த்தாள். தரையில் கிடந்த ஹெட்செட்டிலிருந்து கொசு ரீங்காரம்போல ஒரு குரல் வந்துகொண்டிருந்தது.

"அத எடுக்காத," என்றார் மாஸ்டர்.

எடுத்தாள். காதில் வைத்தாள்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் அவள் முகம் மலர்ந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு தம்பியின் குரல். உதடு துடித்தது. பிறகு நெற்றி சுருங்கியது. பிறகு, மெதுவாக, அந்த முகத்திலிருந்து எல்லாமே வடிந்துபோனது. நெடுநேரம் கேட்டாள். ஒரு தடவைகூட அழவில்லை.

ஹெட்செட்டை மேசைமேல் வைத்தாள்.

"கதவத் தட்டினானா?"

மாஸ்டர் வயரைக் கீழே போட்டார்.

"சுவிட்ச போடச் சொல்லிக் கேட்டானா?"

"எனக்குத் தெரியாது, இது ஏதோ..."

"நீங்க பேசுனதும் இதுல கேக்குது," என்றாள். "'அப்படியே கெட. அப்பத்தான் புத்தி வரும்.' உங்க கொரல் எனக்குத் தெரியாதா?"

அவர் அன்று அப்படிச் சொன்னார்தான். தூக்கக் கலக்கத்தில், தலையணைக்குள்ளிருந்து.

அவள் ஒரு பையில் நான்கு துணியும், தம்பியின் புகைப்படமும் எடுத்துவைத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டுமுன் திரும்பினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"அவன் உங்களுக்குப் பயந்துதான் கடைசிவரைக்கும் மாமா, மாமான்னு மரியாதையா கூப்பிட்டுக்கிட்டிருந்தான்," என்றாள். "இனிமே அப்படிக் கூப்பிட மாட்டான்."

அவள் காலடியோசை படிக்கட்டில் இறங்கி மறைந்தது. பின்னறையில் இறக்கைகள் நின்றன. திரை தானாக இருண்டது.

மாஸ்டர் அன்றே கம்ப்யூட்டரைப் பிரித்துப்போட்டார். கார்டு தனி, ராம் தனி, மதர்போர்டு தனி. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுத்தார். உள்ளே எல்லா சுவிட்சையும் கீழே தள்ளினார். வாசல் கதவுக்குப் பக்கத்து மீட்டர் பெட்டியில் மெயினையும் அணைத்தார். 'வீடு வாடகைக்கு' என்று எழுதி, தன் போன் எண்ணையும் போட்டுக் கதவில் ஒட்டினார். பூட்டிக்கொண்டு, டிரைவிங் ஸ்கூல் மாடியில் இருந்த சின்ன அறைக்குக் குடிபோனார். மனைவி போனை எடுக்கவில்லை. சமாதானம் சொல்லப் போன பெரியவர்களிடம், "அவர்கிட்டயே கேளுங்க," என்று மட்டும் சொன்னாளாம். கேட்டவர்களிடம், க்ளாஸுக்கு நேரமாச்சு என்று அவர் கிளம்பிவிட்டார்.

பத்தொன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூச்சுச் சத்தம் இல்லை. நல்ல தூக்கம்கூட வந்தது.

இருபதாம் நாள் மத்தியானம், ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண். வீடு கேட்கிறார்கள் என்று எடுத்தார்.

"சார், மீட்டர் ரீடிங் எடுக்க வந்திருக்கேன்," என்றது ஒரு பெண் குரல். "வாசல்ல உங்க நம்பர் இருந்துச்சு. உங்க வீட்டு மெயின் அணைஞ்சிருந்துச்சு சார்."

"ஆமா. நான்தான் அணைச்சேன். வீட்ல யாரும் இல்ல."



"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? உள்ள இருக்கவரு கதவத் தட்டிக் கேட்டாரே. பாவம், மூச்சே விட முடியல அவரால. நான் மெயினப் போட்டுட்டேன்."

மாஸ்டரின் கால் பிரேக்கில் இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது.

"அம்மா, கதவு வெளியில பூட்டியிருக்கா, பாருங்க."

"பூட்டா?" என்றாள் அவள். "தொறந்துதானே சார் நிக்கிறாரு. உங்ககூடப் பேசணுமாம். இருங்க, போன அவர்கிட்டயே குடுக்கிறேன்."