அக்கா கிளம்பிவிட்டார்

உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கூப்பிடுவது, கதவுக்கு வெளியே நிற்கும் அக்கா. எடுக்க வேண்டியது, உள்ளே இருக்கும் தங்கை.

எடுக்கவில்லை.

மதியம் இதே வீட்டில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவள்தான் அக்கா. தன் கடைக்குப் போனதிலிருந்து கூப்பிடுகிறாள். பதில் இல்லை. மனசு கேட்காமல் ஷட்டரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

கதவைத் தள்ளினாள்.

திறந்துகொண்டது!

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, போட்டோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற பெண் தங்கை. அந்தக் கதவு திறந்துகொண்டது.

சமையலறை வாசலில் தங்கை ஒருக்களித்துக் கிடந்தாள். கழுத்தில் அவளுடைய துப்பட்டாவே இறுகியிருந்தது. தொட்டியில் பாதி கழுவிய தட்டுகள். மேடை மேல் போன் வெளிச்சம் போட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

திரையில் ஒரே வார்த்தை.

அக்கா.

அக்காவுக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. தன் போனில் அழைப்பைத் துண்டித்தாள். அந்த போனும் அடங்கியது. அதன்பிறகு வீட்டில் சத்தமே இல்லை.

*

இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டுப் பேசாத மனிதர்.

"நீங்க யாரும்மா?"

"இவளுக்கு அக்கா. மார்க்கெட் சந்துல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன்."

"இவங்க புருஷன்?"

"பிரிஞ்சிட்டா சார். அவர் இன்சூரன்ஸ் ஆபீசர். வெளியில தங்கமான மனுஷன். வீட்டுக்குள்ள..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க."

"காய் வாங்கப் போனா, காய்க்கடையில ஏன் இவ்ளோ நேரம் நின்னேன்னு கேப்பார். இவ எங்க போனாலும் போன் அவருக்குச் சொல்லிடும். தாங்க முடியாம ஓடி வந்துட்டா. இந்த வீடு அவருக்குத் தெரியாது."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"இவ போனை நான்தான் சுத்தம் பண்ணேன் சார். போனோட வந்த பெரிய கம்பெனி சாஃப்ட்வேரை வேரோட புடுங்கிட்டேன். கணக்கு, மேப்பு, எதுவும் கிடையாது. ஊர் உலகத்துல நாலு நல்லவங்க சேர்ந்து எழுதி, சும்மா குடுக்கிற சாஃப்ட்வேர் இருக்கு. அதைப் போட்டுக் குடுத்தேன். அது யார்கிட்டயும் எதையும் சொல்லாது."

இன்ஸ்பெக்டர் தங்கையின் போனைப் புரட்டிப் பார்த்தார்.

"கொலைகாரன் கிட்டயும் சொல்லல. எங்க கிட்டயும் சொல்லல. அப்ப யாரும்மா சொன்னது?"



அந்த போனைத் தங்கை கையில் கொடுத்த நாள் அக்காவின் நினைவுக்கு வந்தது. தங்கை அதை ஒரு புறாக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, இந்த போன் இவ்ளோ அமைதியா இருக்கு?"

"உன்னைப் பத்தி அதுக்கு யார்கிட்டயும் பேச்சு இல்லடி. அதான்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "உன் போனை எப்பக்கா மாத்துவ?"

"மாத்தினா பேங்க் ஆப் ஓடாதுடி. கஸ்டமர் பணம் அதுலதான் வருது. நான் என்ன உன்னை மாதிரி தலைமறைவா? பாத்துக்கலாம்."

*

மறுநாள் காலை. போலீஸ் ஸ்டேஷன்.

தங்கையின் கணவன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். சலவை மடிப்புக் கலையாத சட்டை. சிவந்த கண்கள். அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அக்கா... இப்படி ஆகும்னு நினைக்கலக்கா. எங்க இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாத்துக்கிட்டிருப்பேனே."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. அழுவது நிஜமோ நடிப்போ... அதைப் பிரித்துப் பார்க்க அவளிடம் தெம்பு இல்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "நேத்து மதியம் எங்க இருந்தீங்க சார்?"

"வீட்டுல. தனியாத்தான். சாட்சிக்கு ஆள் இல்ல." அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "ஆனா இது இருக்கு. நான் எங்க போனாலும் இதுல பதிவாகும். நேத்து பூரா வீட்டை விட்டு நகரல. பாஸ்வேர்டு எழுதித் தர்றேன். நீங்களே பாத்துக்கோங்க."

போனை மேஜைமேல் வைத்தான். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. கேட்காமலே கொடுத்தான்.

இன்ஸ்பெக்டர் திறந்து பார்த்தார். அவன் சொன்னது சரி. நேற்று முழுக்க அந்த போன் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

"சரி சார். இது கொஞ்ச நேரம் இங்கயே இருக்கட்டும்." அக்கா பக்கம் திரும்பினார். "பாடியைக் குடுக்கிறப்ப போட்டு விட மாத்துத் துணி வேணும்மா. அந்த வீட்டுச் சாவி இந்தாங்க. போய் எடுத்துட்டு வந்துடுங்க."

*

பீரோவில் துணிகள் கொஞ்சமே இருந்தன. உடுத்திய துணியோடு ஓடி வந்தவளிடம் வேறு என்ன இருக்கும்?

நீலச் சுடிதாரை எடுத்தாள் அக்கா. புது வீட்டுக்கு என்று அவள் வாங்கிக் கொடுத்தது. இன்னும் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அதைக் கிழிக்கும்போதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது. அந்தத் துணியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவி, வீட்டைப் பூட்டி, ஆட்டோ பிடித்தாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வாசலுக்கே வந்து நின்றிருந்தார்.

"அந்த வீட்டுலேர்ந்து இப்பத்தானே கிளம்பினீங்க?"

"ஆமா சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பேசவில்லை. கையிலிருந்த போனை அவள் பக்கம் திருப்பினார். தங்கையின் கணவன் கொடுத்த அதே போன்.

திரையில் ஒரு அறிவிப்பு!

*அக்கா இந்த இடத்திலிருந்து கிளம்பிவிட்டார்.*

கீழே குட்டி மேப். அதில் தங்கை வீட்டுத் தெரு.

"நீங்க அந்த வீட்டுக்குள்ள போனதும் ஒரு தடவை டிங்குன்னுச்சு. வந்துவிட்டார்னு. வெளிய வந்ததும் இது." இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்க போன் யார் வாங்கிக் குடுத்ததும்மா?"



"அவளுக்குக் கல்யாணமான புதுசுல... மாப்பிள்ளைதான். எல்லாத்தையும் போட்டு ரெடியா குடுத்தார். ஃபேமிலி கணக்குல உங்களையும் சேர்த்துட்டேன்க்கான்னு சொன்னார். எனக்கும் ஒரு குடும்பம் இருக்குன்னு அன்னைக்கு சந்தோஷப்பட்டேன் சார்."

ஊரார் போனையெல்லாம் கழற்றிப் பூட்டிய கை. தன் போனை மட்டும் அது திறந்தே பார்த்ததில்லை.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு அந்தக் கணக்கு வழியா அன்னையிலேர்ந்து அவர் பாத்துட்டு இருந்திருக்கார். இப்ப வாராவாரம் ஒரே புதுத் தெருவுக்குப் போறீங்க, சாப்பாட்டு நேரத்துக்கு. அங்க யாரு இருப்பான்னு யோசிக்கப் பெரிய மூளை வேணுமா? அலாரம் வச்சுட்டார். நேத்து நீங்க கிளம்பினதும் அது அடிச்சிருக்கு. போனை வீட்டுல வச்சுட்டு ஆள் மட்டும் கிளம்பிட்டார்."

"அவ கதவைத் திறக்கவே மாட்டாளே சார்..."

இன்ஸ்பெக்டர் தயங்கினார். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பார்.

"இதைக் காட்டினதும் அவரே சொல்லிட்டார்மா. தட்டினதும் உள்ளேர்ந்து குரல் வந்துச்சாம். 'என்னக்கா, எதை மறந்துட்டுப் போன'ன்னு கேட்டுக்கிட்டே திறந்தாங்களாம்."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் நீலச் சுடிதார்.

"நான்தான் சார் கூட்டிட்டு வந்தேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து வாசல்ல விட்டேன்."

"இல்லம்மா. உங்க பைக்குள்ள ஒளிஞ்சு வந்தான். திருடன் பைக்குள்ள இருந்தா அதுக்குப் பை என்ன பண்ணும்?"

அவள் தன் போனை எடுத்தாள். பேங்க் ஆப், கடைப் படம், எல்லாம் வரிசையாகப் பளபளத்தன. ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அதை இன்ஸ்பெக்டர் கையில் வைத்தாள்.

"கேஸுக்கு வேணும்னா வச்சுக்கோங்க. எனக்கு இது திரும்ப வேண்டாம். காசு வரலன்னா வரலன்னு போகட்டும்."

உள்ளேயிருந்து அவனைக் கூட்டி வந்தார்கள். சட்டை மடிப்பு இப்போது கலைந்திருந்தது. அக்காவைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டான். ஜீப்பில் ஏறும் முன் மட்டும் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"ஒருத்தர் போனை இப்படிக் குடைஞ்சு பாக்கறது ரொம்பத் தப்பு சார். எனக்குன்னு ஒரு பிரைவசி இல்லையா?"

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைச் சாத்தினார்.

"கவலையே படாதீங்க சார். நீங்க போற இடத்துல போனே விட மாட்டாங்க... இனிமே எந்தக் கம்பெனியாலயும் உங்களைப் பின்தொடர முடியாது."