ஒரே உதையில் கிளம்பிய வண்டி

"அப்ப என் தம்பி பொய் சொல்றான்னு நீங்களே ஒத்துக்கிறீங்க?"

"நான் இன்னும் வண்டியைத் தொடவே இல்லையேம்மா."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். எதிரே நின்றவள் தையல்காரி. பள்ளிச் சீருடைகள் தைப்பவள். தோளிலும் சட்டைக்கையிலும் கருஞ்சிவப்பு நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவளுடைய அப்பா இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பக்கத்து உதிரிபாகக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெக்கானிக்கின் மாப்பிள்ளை, அதாவது அவர் மனைவியின் தம்பி, வந்து நின்றான். அடுத்த வீட்டுப் புதிர் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"அப்பாவுக்கு மூச்சு முட்டுச்சு. மருந்து தீந்துபோச்சு," என்றாள் அவள். "மருந்துக்கடைக்கு வண்டியில இருபது நிமிஷம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போனவன் ரெண்டரைக்கு வந்தான், ஓட்டமா. அதுக்குள்ள அப்பா போயிட்டாரு. கடை வாசல்ல வண்டியை நிறுத்துனானாம், திரும்பக் கிளம்பலையாம். கிக்கரை உதைச்சா பஞ்சுல கால் வெச்ச மாதிரி இறங்குச்சாம். கதை! மறுநாள் காலைல எங்க சித்தப்பா போய் ஒரே உதையில கிளப்பி எடுத்துட்டு வந்தாரு."

"வேற ஏதாவது கோளாறு உண்டா?"

"போன மாசம் நீங்க சர்வீஸ் பண்ணிக் கொடுத்தப்ப டக்டக்னு ஒரு சத்தம் இருந்துச்சு. அவன் ரொட்டிக் கம்பெனிக்கு விடியக்காலைல கிளம்புவான், அப்பா படுக்கை ஜன்னலோரம். தூக்கமே போச்சு மனுஷனுக்கு. இப்ப அதுவும் இல்ல. என் தையல் மிஷினே தோத்துடும், அவ்வளவு அமைதி. அந்த வண்டி மேல பழியைப் போடுறான்." சட்டைக்கையில் இருந்த நூலைத் தட்டிவிட்டாள். "அவன் துணிமணியை மூட்டை கட்டி வாசல்ல வெச்சிருக்கேன். அஞ்சு மணிக்கு வருவேன். வண்டி நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா, அவன் அந்த மூட்டையோட போகட்டும். அப்பாவைக் கொன்னவனுக்கு என் கையால சோறு கிடையாது."

அவள் போனதும் மாப்பிள்ளை தொடங்கிவிட்டான். "இதுல என்ன மாமா இருக்கு? பையன் எங்கேயோ சீட்டாட உக்காந்திருப்பான்."

"பொய் சொல்றவன் பெட்ரோல் வரலைம்பான், பிளக் போச்சும்பான். பஞ்சுல கால் வெச்ச மாதிரின்னு சொல்ல மூளைக்குத் தோணாது மாப்ளே. உதைச்ச காலுக்குத்தான் அது தெரியும். நீ போய் வெயில்ல இருபது நிமிஷம் ஓட்டிட்டு வா."

மாப்பிள்ளை ஓட்டிவந்து நிறுத்தினான். ஐந்து நிமிடம் கழித்து உதைத்தான். கிக்கர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கீழே போனது. இருபது முறை உதைத்தும் வண்டி செத்த பாம்பாகக் கிடந்தது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"காயிலா இருக்கும் மாமா. சூடானா பொறி வராம படுத்துக்கும்."

மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பொறியைக் காட்டினார். நீலமாய், பலமாய் அடித்தது. பெட்ரோல் இறங்காமல் அடைக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்துவைத்து உதைக்கச் சொன்னார், பயனில்லை. பிறகு வேறு வேலை பார்த்தார். வண்டி நன்றாக ஆறியபின் ஒரு விரலால் காட்டினார். மாப்பிள்ளை உதைத்தான். கிக்கர் காலை எதிர்த்தது. வண்டி ஒரே உதையில் கிளம்பியது. உடனே அணைத்தார்.

"பையனும் பொய் சொல்லலை, சித்தப்பாவும் பொய் சொல்லலை," என்றார். எஞ்சின் தலையிலிருந்த சின்ன மூடியைக் கழற்றினார். "வால்வுக்கும் அதைத் தள்ளுற துண்டுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி வேணும். சூடானா வால்வு நீளும், அதுக்குத்தான் அந்த இடம். இடம் இல்லேன்னா வால்வு முழுசா மூடாது. உள்ள அழுத்தம் நிக்காது, காலுக்குக் கீழ பஞ்சு. ஆறினா சரியாயிடும். நான் வெச்ச இடைவெளி இங்க இல்லை. பாரு, தாள் கூட நுழையாது."

"நீங்க சர்வீஸ்ல மறந்திருந்தா?"

மெக்கானிக் அந்த இடைவெளியை வைக்கிற திருகின் மேல் விளக்கைப் பிடித்தார். வேலை முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும், திருகையும் சேர்த்து, நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பது அவர் வழக்கம். எங்க அக்கா நகத்துக்கு நீங்க மிச்சம் வைக்கிறதே இல்லை என்று மாப்பிள்ளை எப்போதும் கிண்டல் செய்வான். இப்போது அந்தச் சிவப்புக் கோடு இரண்டாக உடைந்து விலகி நின்றது.

"யாரோ திறந்து இறுக்கியிருக்காங்க. திருகுக் காடியில கீறலைப் பாரு, மெல்லிசான சின்ன ஸ்க்ரூடிரைவர் அலகு. மூடியோட ரப்பர் வளையம் அறுந்திருக்கு. அதுக்குப் பதிலா நூல் சுத்தியிருக்கு."

கருஞ்சிவப்பு நூல். ஏழு சுற்று, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், முடிவில் ஊசி முடிச்சு.

மாப்பிள்ளை தையல்காரி போன திசையைத் திரும்பிப் பார்த்தான்.

"தையல் மிஷின்ல எது டக்டக்குன்னாலும் அது தளர்ந்துபோனதுன்னு அர்த்தம், திருகி இறுக்கினா சரியாயிடும். அவ கைக்குத் தெரிஞ்ச நியாயம் அது. இங்க அந்தச் சத்தம்தான் இடைவெளி இருக்குங்கிறதுக்குச் சாட்சி. அவளுக்கு எப்படித் தெரியும்? அவ இதை ஓட்டுறதே இல்லையே," என்றார் மெக்கானிக்.

நாலே முக்காலுக்குத் தையல்காரியின் தம்பி வந்தான். புருவத்தில் மாவு. கழற்றிய மூடியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"நான்தாண்ணே இறுக்குனேன்," என்றான், கேட்காமலே.

"எதை வெச்சுப்பா?"

"கம்பெனி ஸ்க்ரூடிரைவர். பெருசு."

மெக்கானிக் நூலை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவன் பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அப்பாவை எடுத்த மறுநாள். கம்பெனி லாரி டிரைவர்கிட்டப் புலம்புனேன். யாராச்சும் டாப்பெட்டை, அந்த வால்வுத் திருகை, இறுக்குனாங்களான்னு கேட்டாரு. மிஷின் ஸ்க்ரூடிரைவரோட அக்கா வண்டிகிட்ட குத்தவெச்சு உக்காந்திருந்தது அப்பத்தான் கண்ணுல வந்துச்சு. இறுக்குன மறுநாள் விடியக்காலைல நான் கிளம்புனப்ப அப்பா முழிக்காமத் தூங்குனாருன்னு அக்கா அவ்வளவு சந்தோஷப்பட்டா அண்ணே."

"ஒன்பது நாளா திட்டு வாங்கிட்டு இருக்கே."

"என் மேல கோவமா இருக்கிறதாலதான் அவ எழுந்து நடமாடுறா."

தெருவின் எதிர்ப்பக்கத்தில் தையல்காரி நின்றிருந்தாள். ஒரு லாரி கடந்துபோகக் காத்திருந்து, தெருவில் இறங்கினாள். மாப்பிள்ளை மாமாவின் முகத்தைப் பார்த்தான்; அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. தம்பி எழுந்து மெக்கானிக்கின் மணிக்கட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, வண்டியில ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிடுங்கண்ணே. நான் மூட்டையை எடுத்துட்டுப் போயிடுறேன்."