மெதுவாகச் சுற்றினால் மட்டும்

ஞாயிறு பூசை முடிந்த கையோடு, கோயிலுக்குக் கட்டிய புடவையைக்கூட மாற்றாமல் ஹில்டா வந்து நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரையும் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“எங்க வீட்டு லேத்துல சத்தம் வருது, தாட்சாயிணி. எதனாலன்னு நீ கண்டுபிடிச்சுச் சொல்லணும். வியாழக்கிழமைக்குள்ள.”

மீன் கழுவிக்கொண்டிருந்த கோவிந்தராஜ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். அவன் மனைவி தாட்சாயிணி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். எந்த மெஷின் பக்கத்தில் நின்றாலும் காதைக் கொடுத்துக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். தெருவில் மிக்சி கத்தினாலும் மோட்டார் முனகினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கோவிந்தராஜும் கூடவே போவான். துணைத் துப்பறிவாளர் என்ற பதவியை அவனே தனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அதை யாரும் பிடுங்கவும் இல்லை.

“லேத் சத்தம் போட்டா போட்டுகினு போவுது. வியாயக்கெயமைக்குள்ளன்னு இன்னா கெடு?” என்றான்.

ஹில்டாவின் கண் கலங்கிவிட்டது. தாட்சாயிணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். “மொதல்லேருந்து சொல்லுங்கக்கா.”

ஹில்டாவின் கணவர் ரிச்சர்ட், ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நசரத்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஏலத்தில் எடுத்த ஒரு பழைய மரக் கடைசல் லேத்தை நிறுத்தியிருக்கிறார். மரக் கிண்ணங்கள் கடைகிறார். ஏப்ரல் முப்பதாம் தேதி சாயங்காலம், மாங்காட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஹில்டாவின் தம்பி அலெக்ஸ் வந்து, ரிச்சர்ட் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு கட்டில் கால் கடைந்துகொண்டு போனான். மகள் ஜாஸ்லினுக்குச் சீராகக் கொடுக்கும் கட்டில் அது. மறுநாள் மே ஒன்று, விடுமுறை. இரண்டாம் தேதி லேத் ‘டொக் டொக்’ என்று தட்ட ஆரம்பித்தது.

“அலெக்ஸ்தான் கெடுத்துட்டான்னு இவர் சொல்லிட்டாரு. அன்பியக் கூட்டத்துல, தெருக்காரங்க ஜெபத்துக்குக் கூடுற எடத்துல, அத்தனை பேர் முன்னாடி. அவன் ஒரு வார்த்தை பேசாம எழுந்து போயிட்டான். வர்ற வியாழன் ஜாஸ்லினுக்குக் கல்யாணம். இவர்தான் அவளுக்கு ஞானத்தகப்பன். சாட்சிக் கையெழுத்தும் இவர்தான் போடணும். ‘வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு’ன்னு என்கிட்டயே சொல்லியனுப்புறாரு. என் தம்பி மக கல்யாணத்துக்கு நான் போறதா, வீட்ல உக்காந்து அழறதா, நீயே சொல்லு.”

தாட்சாயிணி உள்ளே போனாள். ஒரு திருப்புளியையும் சாக்குக்கட்டித் துண்டையும் பையில் போட்டுக்கொண்டாள். மீன் ஃப்ரிட்ஜுக்குப் போனது.

கொட்டகைக்குள் வெயில் தகரத்தின் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ரிச்சர்ட் வரவேற்றார், ஆனால் முகத்தில் சுமுகம் இல்லை. முப்பத்திரண்டு வருஷ ஃபிட்டருக்கு வேறொருவர் வந்து கோளாறு சொல்வதா என்று அந்த முகம் கேட்டது.

“பாரும்மா. பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. பேரிங் போச்சு. மரத்தை முள்ளுல ஏத்துறப்ப, முள்ளைக் கழட்டி வெளிய வெச்சுத்தான் அடிக்கணும். இவன் மெஷின்லயே வெச்சு சுத்தியால அடிச்சிருப்பான். அடி அத்தனையும் பேரிங்ல போய் இறங்கும். புதுப் பேரிங்கே வாங்கி வெச்சிட்டேன், நாளைக்குக் கழட்டப் போறேன்.”

“கடைஞ்சதை நீங்க பாத்தீங்களா, சார்?”

“பாக்கணுமா? எனக்குத் தெரியும்.”

கோவிந்தராஜ் இதற்குள் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தான். சுவரில் உளிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு உளியின் பிடியிலும் ஒரு வெள்ளை ரிப்பன்.

“இன்னா சார், உளிக்கெல்லாம் ரிப்பன் கட்டிக்கீது?”

“மே ஒண்ணு தொழிலாளர் சூசையப்பர் திருநாள் இல்ல? வேலை செய்யற சாமானை எல்லாரும் கோயிலுக்கு எடுத்துட்டுப் போவாங்க. சாமியார் மந்திரிச்சு ரிப்பன் கட்டிக் குடுப்பாரு. ஹில்டா பெட்டியோட தூக்கிட்டுப் போனா.”

“லேத்துக்குக் கட்டலையா?” என்று தாட்சாயிணி கேட்டாள்.

“அதை எப்படித் தூக்கிட்டுப் போறது?” என்றாள் வாசலில் நின்ற ஹில்டா.

“தூக்கிட்டுப் போனாலும் கட்ட விடமாட்டேன்,” என்றார் ரிச்சர்ட். “சுத்துற மெஷின்ல நூல், துணி, சங்கிலி எதுவும் இருக்கக் கூடாது. போன வருஷம் இவ மூடி மேல ஒரு ஜெபமாலையைத் தொங்க விட்டா. அன்னிக்கே கழட்டிக் கையில குடுத்தேன்.”

பிறகு தாட்சாயிணி வேலையைத் தொடங்கினாள். லேத்தின் முன்பக்கத்தில், நடுவே திருகாணி வைத்த ஒரு இரும்புத் தட்டு, மரத்தைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் மாட்டியிருந்தது. கிண்ணத்துக்கான மரத்தை அதில் திருகி வைத்துக் கடைவது ரிச்சர்டின் வழக்கம். அலெக்ஸ் போன அன்று இரவே அதை மாட்டியதாகவும் அதற்குப் பிறகு கழற்றவே இல்லை என்றும் சொன்னார். நீளமான மரத்தைக் கவ்வும் முள்ளும், அதைப் பின்னாலிருந்து தட்டி வெளியே தள்ளும் நீண்ட கம்பியும் சுவரில் தொங்கின. கம்பிக்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது.

மிக மெதுவான வேகத்தில் லேத்தை ஓட்டச் சொன்னாள். டொக், டொக், டொக் என்று அது நிற்காமல் தட்டியது. பெல்ட்டைச் சின்னப் புல்லிக்கு மாற்றி, மிக வேகமாக ஓட்டச் சொன்னாள். மோட்டாரின் இரைச்சல் எழுந்தது, தட்டல் கேட்கவில்லை.

“மோட்டார் சத்தத்துல அமுங்கிப் போவுது,” என்றார் ரிச்சர்ட்.

தாட்சாயிணி திருப்புளியின் முனையைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மாதிரி நேரத்தில் கோவிந்தராஜ் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவான்.

“சத்தம் மொத மொதல்ல எப்ப வந்தது சார்? ரெண்டாம் தேதி காலையிலயா?”

“காலையில நல்லாத்தான் ஓடுச்சு. மத்தியானம் சூடேறின பிறகுதான் ஆரம்பிச்சது. பேரிங் அப்படித்தான், சூடேறினா காட்டிக் குடுத்துடும்.”

அடுத்து பெல்ட்டையே கழற்றிவிட்டாள். மோட்டாரைத் தனியாக ஓட்டினாள். ஒரு தட்டலும் இல்லை. ஸ்பிண்டிலோடு சுற்றும் புல்லியின் விளிம்பில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கோவிந்தராஜைக் கூப்பிட்டாள்.

“கையால மெதுவா சுத்துங்க. டொக்குன்னு கேக்கும்போதெல்லாம் கோடு எங்க இருக்குன்னு சொல்லுங்க.”

கோவிந்தராஜ் பதவிக்குரிய கம்பீரத்தோடு சுற்றினான். “மேல கீது... இப்போ சைடுல... இப்போ கீய... ஐயே, இன்னா தாட்சா, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது!”

ரிச்சர்டின் நெற்றி சுருங்கியது.

கோவிந்தராஜ் லேத்தின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். ஸ்பிண்டிலின் பின்முனையில், கைச்சக்கரத்துக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அது வெள்ளையாக அடைபட்டிருந்தது. “சார், கிரீஸ் வயிஞ்சிக்கீது” என்று சொல்லி நகத்தால் சுரண்டினான். விரலில் பிசுபிசுப்பு இல்லை. செதில் செதிலாக உதிர்ந்தது. வழக்கம்போலப் பேண்டில் துடைக்கப் போன அவன் கையைத் தாட்சாயிணி பிடித்து நிறுத்தி, அந்தச் செதிலை முகர்ந்து பார்த்தாள். பிறகு ஹில்டாவை ஒரு தரம் பார்த்தாள்.

“சார், இதைத் திறக்கறதுக்கு முன்னாடி அலெக்ஸ் இங்க வரணும்.”

“அவன் எதுக்கு?”

“பேரைச் சொன்னது நாலு பேர் முன்னாடி. அவன் இல்லாம எப்படித் திறக்கறது?”

ரிச்சர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோவிந்தராஜ் ஆட்டோ சாவியை எடுத்துவிட்டான். மாங்காட்டுக்குப் போய் வருவதற்குள் அவன் மூளையில் மூன்று கதைகள் ஓடின. கடைசிக் கதையில், கல்யாணத்தைக் கெடுக்க மாப்பிள்ளை வீட்டாரே ஆள் வைத்து லேத்தைக் கெடுத்திருந்தார்கள். நல்ல வேளை, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அலெக்ஸ் வந்தான். கொட்டகைக்குள் காலெடுத்து வைக்காமல், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். ஷேவ் செய்து நாலு நாள் ஆகியிருக்கும். கல்யாண வீட்டு அப்பா மாதிரி இல்லை.

“சார் சொல்ற மாதிரி பேரிங்ல பள்ளம் விழுந்திருந்தா,” என்று தாட்சாயிணி ஆரம்பித்தாள், “வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறும். இங்க தலைகீழா இருக்கு. மெதுவா ஓடினா தட்டுது, வேகமா ஓடினா இல்ல. அமுங்கிப் போகலை சார், திருப்புளி வெச்சுக் கேட்டேன். பேரிங் சுத்தமா இருக்கு.”

“அப்போ பெல்ட்?” என்றான் கோவிந்தராஜ்.

“பெல்ட்டைக் கழட்டின பிறகும் தட்டுச்சே. மோட்டாரும் இல்ல, தனியா ஓட்டிப் பாத்தாச்சு. புல்லி லூசா இருந்தா, ஒரு சுத்துக்கு ஒரே இடத்துலதான் தட்டணும். நீங்க பாத்தீங்களே, கோடு ஒரு தடவை மேல, ஒரு தடவை கீழ. அப்படின்னா தட்டுறது மெஷினோட பாகம் எதுவும் இல்ல. மெஷினுக்குள்ள உருளுற ஏதோ ஒண்ணு. ஸ்பிண்டில் உள்ள குழாய் மாதிரி வெறும் பொந்து. அதுல சின்னதா ஏதாவது கிடந்தா, மெதுவா சுத்தும்போது கொஞ்சம் மேல ஏறி ஏறி விழும். வேகமா சுத்தினா சுவரோட ஒட்டிக்கிட்டுக் கூடவே சுத்தும், விழாது.”

ரிச்சர்ட் லேத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். இதை நான் யோசிக்கவில்லையே என்ற வெட்கம் அவர் காதுவரை ஏறியிருந்தது.

“முன்பக்கத்தைத் தட்டு அடைச்சிருக்கு. முப்பதாம் தேதி ராத்திரி சார் மாட்டினது. பின்பக்கத்தை அடைச்சிருக்கறது கிரீஸ் இல்ல, மெழுகு. மெழுகுவர்த்தி மெழுகு. அலெக்ஸ் போனது முப்பதாம் தேதி சாயங்காலம். அதுக்கப்புறம் முள்ளைக் கம்பியால பின்னாலேருந்து தட்டி எடுத்துட்டுத்தான் தட்டை மாட்டியிருக்க முடியும். அப்பவே மெழுகு இருந்திருந்தா கம்பி நுழைஞ்சிருக்காது. ரெண்டாம் தேதி காலையில மெழுகு கெட்டியா இருந்தது, உள்ள இருந்தது ஒட்டிக்கிட்டு இருந்தது. மத்தியானம் சூடேறி இளகினதும் கழண்டு விழுந்துடுச்சு. அப்போ வெச்சது மே ஒண்ணாம் தேதி. அன்னிக்கு இந்தக் கொட்டகையில இருக்கிற அத்தனை சாமானும் மந்திரிக்கப் போச்சு, ஒண்ணைத் தவிர.”

அவள் முடிக்கவில்லை. ஹில்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, சூசையப்பரே.”

ரிச்சர்ட் தட்டைக் கழற்றினார். கோவிந்தராஜ் அவசர அவசரமாக ஒரு செய்தித்தாளைக் கீழே விரித்தான். நீண்ட கம்பியைப் பின்பக்கத் துளையில் விட்டு ரிச்சர்ட் ஒரு தள்ளுத் தள்ளினார். மெழுகுத் துண்டுகளோடு, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சூசையப்பர் மெடல் காகிதத்தில் வந்து விழுந்தது. உருண்டு உருண்டு சூசையப்பரின் முகம் பாதி தேய்ந்திருந்தது.

“மார்ச்ல மரம் தெறிச்சு உங்க நெத்தியில ஏழு தையல் போட்டாங்களே,” என்று ஹில்டா அழுதாள். “அன்னிலேருந்து நீங்க இதை ஓட்டுறப்பல்லாம் நான் அடுப்படியில நின்னு ஜெபம் சொல்லிக்கிட்டு இருக்கேன். மெஷினைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. வெளியில வெச்சா நீங்க கழட்டிடுவீங்க. அதான் சாமியார்கிட்ட மெடலை மந்திரிச்சு வாங்கி, மெழுகுல ஒட்டி உள்ள வெச்சேன். அது தட்டும்னு நான் கண்டேனா? மந்திரிச்சது எப்படிங்க கெடுதல் பண்ணும்? உங்களைக் காப்பாத்தத்தானே வெச்சேன். என் தம்பிக்கே வினையா முடிஞ்சிடுச்சே.”

கோவிந்தராஜ் செய்தித்தாளின் ஓரத்தைத் தேவைக்கு மேல் கவனமாக நீவிவிட்டான்.

முதலில் பேசியது அலெக்ஸ்.

“இல்லக்கா. நான் அடிச்சேன்.” அவன் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “மரம் முள்ளுல ஏறலை. மெஷின்லயே வெச்சு சுத்தியால ரெண்டு அடி அடிச்சேன். மாமா சொன்னது சரிதான். நான்தான் கெடுத்துட்டேன்னு நானே நெனச்சேன். அதான் வாயைத் திறக்கலை.”

ரிச்சர்ட் அவனைப் பார்த்தார். தான் சொன்னது பாதி உண்மையாகி வந்து நிற்கிறது. பிடித்துக்கொள்ள நினைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பெரிய மனுஷர் மறுபடி முறுக்கிக்கொள்வாரோ என்று கோவிந்தராஜ் பயந்தான்.

“ரெண்டு அடிக்கு இந்த பேரிங் ஒண்ணும் ஆயிடாது,” என்றார் ரிச்சர்ட். குரல் கம்மியிருந்தது. “ஏண்டா அலெக்ஸ், அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க கேக்கவே இல்லியே மாமா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போயிட்டீங்க.”

ரிச்சர்ட் மெடலைக் குனிந்து எடுத்து, அதில் ஒட்டியிருந்த மெழுகைக் கட்டை விரலால் மெல்லத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

“தப்புதான்,” என்றார் கடைசியில். “இந்தப் புதன்கிழமை அன்பியத்துல, அதே ஆளுங்க முன்னாடி எழுந்து சொல்றேன்.” பிறகு, கேட்கப் பயந்துகொண்டே கேட்டார்: “சாட்சிக் கையெழுத்துக்கு வேற யாரைப் போட்டிருக்க?”

அலெக்ஸ் முதல் முறையாக நிமிர்ந்தான்.

“சாமியார் ரெண்டு வாட்டி கேட்டாரு மாமா. நான் பேரே குடுக்கல.”