ஷம்னாவின் தைலச் செடி

போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டும் ராஜா முகம்மது, ஒருநாள் மகள் ஷம்னாவுக்காக மலையிலிருந்து ஒரு செடி கொண்டுவந்தார். தைலமரக் கன்று. இலையைக் கசக்கினால் எலுமிச்சையும் தைலமும் கலந்த வாசம் வந்தது.

"நீதான் பாத்துக்கிறணும்," என்றார்.

"சரி, அத்தா," என்றாள் ஷம்னா.

செடியைத் தொட்டியில் நட்டு, சமையலறை ஜன்னலோரம் வைத்தாள். காலையில் தண்ணீர் ஊற்றினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடி ஊற்றினாள். அம்மா சுல்தானா அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினார். தம்பி மொய்னுதீன் தான் குடித்து மீந்ததையெல்லாம் ஊற்றினான்.

அப்படியும் இலைகள் பழுத்து உதிர்ந்தன. செடி தலையைத் தொங்கப்போட்டது.

"மலைச் செடி நம்ம ஊரு வெக்கையில நிக்காது, ஷம்னா. தூக்கிப் போட்டுட்டு வேற வைப்போம்," என்றார் அம்மா.

"இன்னும் தண்ணி ஊத்துவோம்க்கா," என்றான் மொய்னுதீன், கையில் டம்ளரோடு.

ஷம்னா செடியருகே குனிந்தாள். தொட்டி மண்ணில் விரலை விட்டாள். ஒரே சேறு. விரலை முகர்ந்து பார்த்தாள். நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அத்தாவோடு ஜீப்பில் போனபோது பார்த்த தைலமரங்களை நினைத்துக்கொண்டாள். மலைச் சரிவில் முழு வெயிலில் நின்றன. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் அங்கே தேங்காது.

"வெக்கையினால இல்லம்மா. தண்ணிதான் கூடிப்போச்சு."

தொட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் இருந்த ஓட்டையைக் களிமண் அடைத்திருந்தது. குச்சியால் குத்திவிட்டாள். கறுப்பாகத் தண்ணீர் வடிந்தது. அம்மா ஒரு பக்கம் பிடிக்க, தொட்டியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், வெயிலில் செங்கல் மேல் வைத்தார்கள்.

திரும்பினால், மொய்னுதீன் டம்ளரோடு படியேறி வந்துகொண்டிருந்தான். திட்டினால் அழுவான். ஷம்னா யோசித்தாள்.

"மொய்னு, இனிமே உனக்கு ஒரு முக்கியமான சோலி. தெனமும் மண்ணுல விரலை விட்டுப் பாரு. நல்லாக் காஞ்சிருந்தா என்கிட்டச் சொல்லு. அப்பத்தான் தண்ணி."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். அன்றிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதிகாரி போல மாடிக்குப் போய்வந்தான்.

"ஈரம்," என்று அறிவித்தான். மறுநாளும், "ஈரம்."

ஒருநாள் படியில் தடதடவென்று ஓடிவந்தான்.

"காஞ்சிருச்சுக்கா, வெரசா வா."

ஷம்னா அளவாக ஊற்றினாள். பிறகு குனிந்து பார்த்தாள். தண்டின் ஓரத்தில் கடுகளவு பச்சை.

அம்மா வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பொழச்சிருச்சே," என்று மகளின் தலையைத் தடவினார்.

அதன்பின் அந்தச் செடியை யாராலும் பிடிக்க முடியவில்லை. கிளை விட்டது. மொய்னுதீனை விட உயரமாக வளர்ந்தது. மலைக் காற்று வீசிய ஒரு காலையில், அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட்ட சுப்புத்தாய் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு ஷம்னா மேலுக்கு முடியல? தைல வாசம் இங்க வரைக்கும் வருதே."

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், அத்தே. அது எங்க செடி வாசம்," என்றாள் ஷம்னா, தெருவுக்கே கேட்கும்படி.