பாழாய்ப்போன ஒரு வாய் டீ

ஒரே ஒரு வாய்தான் குடித்தாள் அந்தத் தையல்காரி, கண்ணுகளா... அதற்குள் லேப் நர்ஸ் ஓடி வந்து கோப்பையைப் பிடுங்கிவிட்டாள். குளுக்கோஸ் தண்ணீர் குடித்த பிறகு இரண்டு மணி நேரம் வேறெதுவும் வாயில் படக் கூடாது. சுகர் டெஸ்ட் போச்சு.

தலை சுற்றிச் சாய்ந்தவளிடம் அந்த டீயை நீட்டியவன், அங்கே லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த மெக்கானிக். மழையில் நனைந்த முடி, கிரீஸ் படிந்த கை, மன்னிப்புக் கேட்கும் பெரிய கண்கள்... அந்தக் கண்களைப் பார்த்ததும் தையல்காரிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களை யாரு கேட்டா? கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன். வயித்துல பொண்ணு இருந்தப்ப சுகர் வந்துச்சு. பெத்ததும் போயிடுச்சுன்னு எல்லாரும் கை கழுவிட்டாங்க. அப்புறமும் பார்த்துக்கிட்டே இருக்கணும்னு இத்தனை வருஷமா ஒருத்தரும் வாய் திறக்கலை. இப்பதான் தெரிஞ்சு வந்தேன்... அதையும் கெடுத்துட்டீங்க."

மறுவாரம் அவள் போனபோதும் அவன் அங்கே இருந்தான். லிஃப்ட் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. தானும் வெறும் வயிறு என்றான். பட்டினி கிடக்க உங்களுக்கென்ன தலையெழுத்தா என்று முறைத்தாள். முறைத்துக்கொண்டே இரண்டு மணி நேரமும் பேசித் தீர்த்தாள்... கணவன் இறந்தது, மகளின் சேட்டை, எல்லாம். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இப்போதே கவனித்தால் நோயைத் தள்ளிப்போடலாம் என்றார் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர்.

மாதம் திரும்பவில்லை, அவன் தன் அக்காவோடு பெண் கேட்டு வந்துவிட்டான். சுகர் பேச்சை மட்டும் எடுக்காதே என்று அவளுடைய அண்ணன் அடுப்படிக்கு வந்து காதைக் கடித்தார்.

அவள் நேரே கூடத்துக்குப் போனாள். மகள் வயிற்றில் இருந்தபோது சர்க்கரை வந்தது, நாளைக்கே தனக்குச் சர்க்கரை நோய் வரலாம் என்று அவனுடைய அக்காவிடம் முகத்துக்கு நேரே சொன்னாள். அக்கா திடுக்கிட்டுத் தம்பியைப் பார்த்தார். அவன் தலை கவிழ்ந்தது.

"அப்ப நீங்க இவங்ககிட்ட சொல்லவே இல்லையா?" என்று அவனைக் கேட்டாள். "எங்கண்ணனும் மறைக்கிறார், நீங்களும் மறைக்கிறீங்க. நான் என்ன திருட்டுச் சாமானா?"

அக்காதான் முதலில் பேசினார். "எனக்கும் சின்னவன் வயித்துல இருந்தப்ப வந்துச்சும்மா. அதோட மறந்தே போயிட்டேன்."

"பயந்துட்டேன்..." என்றான் அவன். "அக்கா வேண்டாம்னுட்டா நீங்க கிடைக்காம போயிடுவீங்களோன்னு. தப்புதான். ஆனா உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு."

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. நாளைக் காலை சாப்பிடாமல் வாருங்கள், நானே லேபுக்கு அழைத்துப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னாள். பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அதான் இவ்வளவு வலிக்குது..."