அடி மூட்டை

காலை 9.10. போடிநாயக்கனூரில் சந்திரவல்லி தன் புது ஏலக்காய் கிட்டங்கியைத் திறந்தாள். மேல் மூட்டையைப் பிரித்தாள். பச்சைப்பசேலென்று இருக்க வேண்டிய காய் வைக்கோல் நிறத்தில் வெளுத்துக் கிடந்தது. ஏலத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

பூட்டு உடையவில்லை. சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை.

“கட்டடந்தான் காரணம் சித்தி. கூரையில கண்ணாடி ஓட்டப் பதிச்சா வெயில்ல காய் வெளுக்காம என்ன செய்யும்?” என்றான் அக்கா மகன் மனோஜ். போன மாதம் குரங்கணி மலையிலிருந்து சரக்கை ஜீப்பில் கொண்டுவந்து அடுக்கியவன் அவன்தான்.

கட்டடத்தை வரைந்த அருள்மொழி வாசலில் நின்றிருந்தாள். மதுரையில் மூன்று தலைமுறை கண்ட நிறுவனத்தில் இருபது வருடம் அடுத்தவர் பெயருக்கு வரைந்தவள். இதுதான் அவள் பொறுப்பில் எழுந்த முதல் கட்டடம். ஒரு மழைக்காலத்தைத் தாங்கிய பிறகே வரைந்தவர் பெயரை வாசல்கல்லில் வெட்டுவது அந்த நிறுவனத்தின் வழக்கம். இன்று அந்த நாள். கல்தச்சர் சோலை உளியோடு காத்திருந்தார். பழி நிலைத்தால் கல் மொட்டையாகவே கிடக்கும். கண்ணாடி வெளிச்சம் நடைவழியில்தான் விழும், மூட்டைப் பக்கம் போகாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை.

10.30. யாரோ சரக்கை மாற்றிவிட்டார்கள் என்று சந்திரவல்லி கொடுத்த புகாரில் இன்ஸ்பெக்டர் கற்பகம் வந்தார். எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்க்க, அவர் மட்டும் தரையைப் பார்த்தார். அடி மூட்டையை இழுத்துப் பிரிக்கச் சொன்னார். அதுவும் அதே அளவு வெளுத்திருந்தது.

“மலையில ஏத்தும்போது காயப் பாத்தீங்களா?”

“என் கண்ணால பாத்தேன். பச்சையாத்தான் இருந்துச்சு.”

“இங்க இறக்கும்போது?”

“இவந்தான் இறக்கி அடுக்குனான்,” என்று சந்திரவல்லி மனோஜைத் திரும்பிப் பார்த்தாள்.

“வெயில் பட்டிருந்தா மேல் மூட்டைதான் வெளுக்கும். இத்தன மூட்டைக்கு அடியில, இருட்டுல கிடந்தது எப்படி வெளுத்துச்சு? வரும்போதே வெளுத்த காய்ம்மா. இந்தக் கட்டடத்துல களவே நடக்கல. வழியிலயே சரக்கு மாறிருச்சு. ஜீப்ப ஓட்டுனவரு சொல்லட்டும்.”

மனோஜ் மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினான். மதியத்துக்குள் ராசிங்காபுரத்தில் அவன் வாடகைக்குப் பிடித்திருந்த கொட்டகையில் அசல் மூட்டைகள் அகப்பட்டன. விலை ஏறட்டும் என்று பதுக்கி வைத்திருந்தான்.

சந்திரவல்லி அருள்மொழியின் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்து, “வெட்டுங்கண்ணே,” என்றாள்.

“இனிஷியலு என்ன ஆத்தா?” என்று அருள்மொழியிடம் கேட்டார் சோலை.

“க. கருத்தம்மா. மலையில காய் எடுத்தே என்னப் படிக்க வச்ச எங்கம்மா.”

முதல் எழுத்து கல்லில் விழுந்தது. அருள்மொழி தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு நின்றாள். நிமிரட்டும். இருபது வருடம் குனிந்து வரைந்த கழுத்து.