ராணிக்கு வயது காணாது

யூஜினி அந்த இருபது டொலர் தாளை லைற்றுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சரித்தாள்... திருப்பினாள்... விரல் நுனியால் தேய்த்தும் பார்த்தாள். மூலையில் மின்ன வேண்டிய தங்கநிறச் சதுரம் இல்லை. பின்பக்கத்தில் இருக்க வேண்டிய பறவையும் இல்லை. அதற்குப் பதிலாகப் பனி மூடிய ஏதோ ஒரு காடு இருந்தது.

எல்லாவற்றையும்விட, ராணி...

ராணி இளமையாக இருந்தார். யூஜினிக்குத் தெரிந்த கனடா ராணி வயதானவர், பெரிய மாமி போல உதட்டை இறுக்கிக்கொண்டு இருப்பவர். இவரோ நேற்றுத்தான் கலியாணம் கட்டிய பெண் மாதிரி இருந்தார்.

"இது எங்கை எடுத்த காசு?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவனின் ஜக்கெற்றிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அரிசி வாங்க அதையும் சொல்ல வேணுமோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

சிரித்தபோது கண்களும் சிரித்தன. ஈரமான நீள இமைகள்... அதற்குக் கீழே நல்ல கறுப்புக் கண்கள். அதைக் கவனித்ததற்காக யூஜினிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கள்ளனுக்குக் கண் வடிவாக இருக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

அவள் சந்தேகப்பட்டதில் பிழை சொல்ல முடியாது. 1996 கார்த்திகை மாதம் அது. கனடாவில், தமிழர் நிறைந்த ரெக்ஸ்டேலில் அந்தக் கடைவரிசை முழுக்கக் கள்ள இருபதுகள் உலாவிக்கொண்டிருந்தன. வீடியோக் கடையில் ஒன்று, சீலைக் கடையில் ஒன்று, பேக்கரியில் இன்னொன்று... கலர்ப் போட்டோக்கொப்பி மெசினில் அடித்தவை என்று பேச்சு. போன கிழமை யூஜினியின் கையாலேயே ஒன்று காசு போடும் லாச்சிக்குள் போய்விட்டது. கடை முதலாளி இரத்தினவேல் அதை அவளுடைய சம்பளத்தில் கழித்துவிட்டு ஒரு பாடமும் எடுத்தார். தங்கச் சதுரம் இருக்க வேணும், சரித்தால் அது பச்சையாக மாற வேணும், மாறாவிட்டால் தந்தவன் கள்ளன். அன்றிலிருந்து அவள், தான் தங்கியிருந்த வீட்டு அன்ரனெற் அன்ரி தந்த காசைக்கூடச் சரித்துப் பார்த்தாள்.

"அண்ணை, இஞ்சை ஒருக்கா வாங்கோ."

இரத்தினவேல் கத்தரிக்காய்ப் பெட்டியை வைத்துவிட்டு வந்தார். கனடாவுக்கு வந்து ஒன்பது வருசம் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் கடை போட்டவர் அவர். கனடாக் காசு தனக்குத் தெரியாததல்ல என்பது அவருடைய எண்ணம். தாளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ராணிக்கு வயது காணாது. கள்ளக்காசு அடிக்கிறவனுக்கு அவவின்ரை வயதுகூடத் தெரியேல்லை."

வரிசை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"அண்ணை, உது பழைய காசாயிருக்கும். நான் லொறியிலை வீடு மாத்திக் குடுக்கிற வேலை. ஒரு வெள்ளைக்கார அம்மா, புருசன் செத்தாப்போலை மகளிட்டை வன்கூவருக்குப் போட்டா. அவ தன்ரை பழைய கைப்பைக்குள்ளையிருந்து எடுத்துத் தந்தது."

"அப்ப அவவைக் கூட்டிக்கொண்டு வாருமன்."

"பிளேன் ஏறிட்டா அண்ணை."

"நல்ல வசதியாப் போச்சு. பொலிசைக் கூப்பிட்டுக் கேப்பமோ?"

பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் கறுத்தது. ஒரு கணம் யூஜினியைப் பார்த்தான். பிறகு அரிசி, மா, மீன்ரின் எல்லாவற்றையும் கவுண்டரிலேயே விட்டுவிட்டு, காசையும் விட்டுவிட்டு, மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

பார்த்தியா... நல்லவன் என்றால் ஏன் ஓடுகிறான் என்று யூஜினி நினைத்தாள். ஆனால் அந்தப் பார்வை கண்ணில் விழுந்த தூசி மாதிரி அன்றைக்கு முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

இரத்தினவேல் அந்தத் தாளைக் காசு மெசினுக்கு மேலே கண்ணாடியில் ஒட்டினார். வரிசையில் நின்ற யாரோ பெயரும் சொல்லிக் கொடுத்தார்கள். 'கள்ளக்காசு தந்தவர்: அகஸ்ரின், லொறி வேலை. கவனம்' என்று கீழே எழுதினார். எங்கள் சனத்துக்குப் பட்டப்பெயர் வைக்கச் சொல்லித் தரவா வேண்டும்? வெள்ளிக்கிழமை வைத்தது, ஞாயிற்றுக்கிழமைக்கிடையில் ரெக்ஸ்டேல் தாண்டிப் போய்விட்டது. கள்ளநோட்டு அகஸ்ரின்.

ஞாயிறு தமிழ்ப் பூசையில் யூஜினி அவனைக் கண்டாள். அவளுக்கு இரண்டு வாங்கு வரிசைக்கு முன்னால் தனியாக இருந்தான். காணிக்கைத் தட்டுடன் வந்தவர் சூசைதாசன், அவனுடைய ஊர்க்காரர், அவன் தகப்பனை நன்றாகத் தெரிந்தவர். அகஸ்ரின் பொக்கற்றுக்குள் கைவிட்டதும் அவர் தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். இழுத்தது அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது போல... தலையைக் குனிந்துகொண்டார். அவன் சில்லறையாக எடுத்து, ஒவ்வொன்றாக, எல்லோரும் பார்க்கப் போட்டான்.

"உவன்தானே அவன்?" என்று அன்ரனெற் அன்ரி யூஜினியின் காதுக்குள் கேட்டா.

யூஜினிக்கு அதற்குப் பிறகு செபம் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், மழையோடு பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்த நேரம், அவன் மறுபடியும் கடைக்கு வந்தான். இரத்தினவேல் அப்போது இல்லை. ஒரு பாண், ஒரு மீன்ரின். பொக்கற்றுக்குள்ளிருந்து நாணயக் குற்றிகளை அள்ளிக் கவுண்டரில் வைத்தான். அந்த வருசம்தான் புதிதாக வந்த இரண்டு டொலர்க் குற்றிகள்.

"வடிவாச் சோதியுங்கோ. நடுவிலை அமத்தினால் கழண்டு விழுமாம்."

"பகிடியோ?"

"இல்லை. ராணியையும் பாருங்கோ... இதிலை வயது காணும்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கிக்கொண்டு குற்றிகளை எண்ணுகிறவள் போலக் குனிந்தாள். கள்ளன் என்றால் அகப்பட்ட கடைக்கே திரும்பி வருவானா... இல்லை, அப்படி நினைக்க வைப்பதற்காகத்தான் வருகிறானா? இந்தக் காலத்தில் யாரை நம்புவது?

கேட்டுவிட்டாள். "ஒண்டு கேக்கலாமோ... அண்டைக்கு ஏன் ஓடினனீங்கள்?"

"பொலிஸ் வந்தால் நிண்டு வழக்காட எனக்கென்ன சிற்றிசன்சிப்பே கிடக்கு? வாற திங்கள்தான் என்ரை அகதிக் கேஸ். பிழையாப் பிடிச்சாலும் பிடிச்சது பிடிச்சதுதான்."

யூஜினி நிமிர்ந்தாள். அவளுடைய கேசும் முடியவில்லை. பொலிஸ் கார் ஒன்று தூரத்தில் வந்தாலே வீதியின் மற்றப் பக்கம் மாறி நடக்கிறவள் அவள். இந்த ஒரு சொல்லுக்கு அவன் ஏன் முகம் கறுத்தான் என்பது ரெக்ஸ்டேலில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

"அதுக்குச் சூசைதாசன் அங்கிள்தான் சாட்சி சொல்ல வாறதெண்டிருந்தவர்," என்றான் அவன், பாணை எடுத்துக்கொண்டே. "இப்ப யோசிக்கிறாராம். கள்ளக்காசுக்காரனுக்குச் சாட்சி சொன்னால் தன்ரை பேரும் கெட்டுப்போமாம். அவரிலை பிழையில்லை." கண்ணாடியில் ஒட்டியிருந்த தன் பெயரை ஒருமுறை பார்த்தான். "கையெழுத்து வடிவாத்தான் இருக்கு."

கோபித்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் கோபிக்கவில்லை. அதுதான் அவளை வதைத்தது.

அடுத்தநாள் சாப்பாட்டு நேரத்தில் யூஜினி கண்ணாடியிலிருந்த தாளைக் கவனமாக உரித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வீதியைக் கடந்து பாங்குக்குப் போய் வரிசையில் நின்றாள். கதவடியில் காவலாளி ஒருவன் நின்றான். அவன் தன்னையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறையக் குறைய, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாமா... போகவில்லை.

கவுண்டரில் இருந்தவ நரைத்த தலைமயிர்க்காரி. தாளை வாங்கினா, கண்ணாடியைப் போட்டா.

அந்த மனுசியின் முகம் அப்படியே மலர்ந்தது. பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினா. தான் கலியாணம் கட்டிய காலத்துக் காசு இது, கண்டு எத்தனை காலம், இன்னும் செல்லுபடியானதுதான் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னா. பிறகு தாளை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் புதிய இருபது டொலர் ஒன்றை எடுத்து நீட்டினா.

யூஜினி வெளியே வந்து மழையில் நின்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவன் பொய் சொல்லவில்லை... அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பாதி வீதி கடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சாட்சியாக இருந்த ஒரேயொரு தாளையும் பாங்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

இரத்தினவேல் புதிய தாளைச் சரித்துப் பார்த்தார். தங்கம் பச்சையாகியது.

"இது நல்ல காசுதான் பிள்ளை. ஆனா இது அவன் தந்த காசில்லையே?"

"பாங்கிலை மாத்தித் தந்தவை அண்ணை. வேணுமெண்டால் போய்க் கேளுங்கோ."

"கள்ளக்காசு வைச்சிருந்தனான் எண்டு நானே போய்ப் பாங்கிலை சொல்லவோ?" அவர் பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அவன்ரை பேரைக் காப்பாத்த உன்ரை காசை வைச்சிட்டாய். எனக்கும் உன்ரை வயதிலை பிள்ளையள் இருக்குதுகள், விளங்காதே?"

யூஜினி விடவில்லை. சாமான் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், "அது நல்ல காசு, நான்தான் பிழையாப் பிடிச்சனான்" என்று சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் வடிவாகச் சிரித்தார்கள். காசை ஒருவரும் நம்பவில்லை. அவளுக்கு அவன்மேல் விருப்பம் என்ற கதையை மட்டும் எல்லோரும் நம்பினார்கள். அன்ரனெற் அன்ரி இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பஸ் தரிப்பில் அவனைக் கண்டு ஓடிப்போனாள். குடை இல்லை. கூந்தலெல்லாம் மழை. புதிய இருபது டொலரை நீட்டினாள்.

"உங்கடை காசு."

அவன் கைநீட்டவில்லை. அந்தச் சிரிக்கிற கண்கள் இன்றைக்குச் சிரிக்கவில்லை. "உங்கடை சம்பளக் காசை நான் ஏன் வாங்க வேணும்? இரக்கப்படுறியள். கள்ளன் எண்டு நினைச்சபடியால்தானே இரக்கம் வருகுது."

"பாங்கிலை மாத்தினது."

"ஊரெல்லாம் வேறை மாதிரிக் கதைக்குது."

"உங்கடை காசைப் பற்றி ஊர் கதைச்சதை நான் நம்பினன். இப்ப என்ரை காசைப் பற்றி ஊர் கதைக்கிறதை நீங்கள் நம்புறியள். அப்ப ரெண்டுபேருக்கும் சரி." தாளை இன்னும் நீட்டியபடியே நின்றாள். "நான் உங்களைப் பூரணமா நம்பித்தான் பாங்குக்குப் போனனான் எண்டு பொய் சொல்ல மாட்டன். சந்தேகம் இருந்தது. வரிசையிலை நிக்கேக்கையும் இருந்தது. கள்ளக்காசெண்டு பிடிச்சால்... என்ரை காசெண்டு சொல்லுறதெண்டு நினைச்சுக்கொண்டுதான் நிண்டனான்."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அவன் ஏறவில்லை. கதவு மூடிப் பஸ் போய்விட்டது.

"உங்கடை கேஸ்?" என்று மெல்லக் கேட்டான்.

"முடியேல்லை."

"பிடிச்சிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாங்கள்."

"தெரியும்."

"சந்தேகமும் இருந்தது எண்டுறியள்... பிறகேன்?"

யூஜினி நனைந்த தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்ரி வீட்டிலை பேச்சு. கடையிலை பகிடி. காசைப் பற்றிச் சனம் சொல்லுறது முழுப்பொய். காரணத்தைப் பற்றிச் சொல்லுறது... பொய்யில்லை."

மழை தரிப்பின் தகரத்தில் சடசடவென்று விழுந்தது. அவன் அவளுடைய கையிலிருந்த தாளை வாங்கினான். வாங்கிய விரல்கள் விலகவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.

"சூசைதாசன் அங்கிளிட்டையும் போனனான்," என்றாள் அவள், நிமிராமலே. "திங்கள் வாறாராம்."

"காசை நம்பினவரே?"

"காசை இல்லை. என்னை நம்பினவர். சொந்தக் கேசைக் கையிலை வைச்சுக்கொண்டு பாங்குக்குள்ளை போன பெட்டை விசரியாயிருப்பாள், பொய்க்காரியா இருக்க மாட்டாள் எண்டு சொன்னவர்."

அவன் சிரித்தான். கண்களும் சேர்ந்து சிரித்தன. அவள் அதை இந்த முறை ஒளிக்காமல் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் சந்தேகம் இல்லாமல் இருந்தது எண்டு நினைக்கிறீரோ?" என்றான். அவன் அவளை உரிமையோடு நீர் என்று சொன்னது அதுதான் முதல்தடவை. "பாண் வாங்கவெண்டு ரெண்டு பஸ் மாறி உந்தக் கடைக்கு ஏன் வாறன் எண்டு எனக்கே என்னிலை சந்தேகம். இப்பதான் தெளிஞ்சது."

அவள் முகம் சிவந்தது. குளிரில் சிவந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"திங்கள் நீரும் வாறீரோ?"

"ஓம்... வாறன்."

"கூட வந்தவ உமக்கு ஆர் எண்டு கேட்டால்? அங்கை பைபிளிலை கைவைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டுத்தான் கதைக்க வேணும்." அவன் குரல் தணிந்தது. அவ்வளவு நேரமும் இருந்த பகிடி அதில் இல்லை. "நான் கட்டப்போறவ எண்டு சொல்லட்டோ? ஒரு சொல்லுப் பொய்யெண்டாலும் கேஸ் போயிடும்."

யூஜினி நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"சொல்லுங்கோ," என்றாள். "கேஸ் போகாது."